ஆக்சிஜனுக்கு அலைந்த 11 நாள்

கொரோனா அலை அடித்த 2021 ஜூலையில் மியான்மரின் யாங்கோனில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் இடம் கிடையாது. வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

அப்பாவுக்கு அப்போது 68 வயது. காய்ச்சல் வந்த ஆறாம் நாள் இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 86 காட்டுகிறது. அவரோ சாய்வு நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்து டீ கேட்கிறார். மூச்சு முட்டாமலே ஆக்சிஜன் இறங்குவதுதான் இந்த நோயின் கொடுமை. அந்தச் சின்னக் கருவி இல்லையென்றால் அவரை இழந்திருப்போம். அதன் அடிப்படையை 1970களில் கண்டுபிடித்த ஜப்பானியர் தகுவோ அவோயாகி, 2020 ஏப்ரலில் காலமானார். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அவர் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணணும்" என்றார்.

தெரு முனையில் இருக்கும் பாய் ஒருவர் 40 லிட்டர் சிலிண்டர் கொடுத்தார். மூன்று நாள் முன்னால் அவர் அண்ணன் இறந்திருந்தார். அந்தக் கட்டிலருகே இருந்த சிலிண்டர் அது.

சிலிண்டர் கிடைத்தது, நிரப்புவதுதான் பாடு. வார்டு அலுவலகக் கடிதம் இல்லாமல் நிரப்ப மாட்டோம் என்றார்கள் ஆக்சிஜன் ஆலையில். அலுவலகத்துக்கு ஓடினேன். குடும்பப் பட்டியலின் நகல் செல்லாது, அசல் வேண்டுமாம். அசல் ஆற்றுக்கு அக்கரையில், சிரியத்தில் அக்கா வீட்டில் இருந்தது. பாலம் தாண்டிப் போய் வாங்கி வந்தால், நோயாளியின் அடையாள அட்டை எங்கே என்றார் எழுத்தர். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்பா மூச்சுக்குத் திணறுகிறார் என்று சொன்னபோதுகூட அந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை. அட்டையோடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. ஒரு முழு நாள் போய்விட்டது. அசல் பட்டியல், அட்டை, பரிசோதனை முடிவு மூன்றையும் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

மறுநாள் கடிதம் கிடைத்தது. அதற்கடுத்த நாள் விடியற்காலை 4 மணிக்கு ஊரடங்கு முடிந்ததும் போய் வரிசையில் நின்றேன், மதியம் 2 மணிக்கு நிரப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் வால்வைத் திறக்கும் சாவி இல்லை. பாயும் கொடுக்க மறந்திருந்தார், நானும் கேட்கவில்லை. சாவிக்காக இன்னொரு மணி நேரம் அலைந்தேன். திறந்து பார்த்தால் அழுத்த மீட்டர் 70 பார் காட்டுகிறது, 150 இருக்க வேண்டும். கணக்கு எளிது: 40 லிட்டரை 150ஆல் பெருக்கினால் 6000 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 20 மணி நேரம். என்னிடம் இருந்தது 2800 லிட்டர், 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆலை வாசலிலேயே மீட்டரைப் பொருத்திப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

அன்றிரவு போனில் கிடைத்த டாக்டர் ஒருவர் இரண்டு விஷயம் சொன்னார். பயத்தில் 99க்கு ஏற்றாதே, 92, 93 போதும். அப்புறம், அப்பாவைக் குப்புறப் படுக்க வை, முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியும்.

அப்பா மறுத்துவிட்டார். பிணத்தைப் புரட்டிப் போடுவதுபோல் இருக்கிறது என்று கையை உதறினார். நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பீலிக்கான் கோயில்ல முனீஸ்வரர் முன்னாடி எத்தனை தடவை விழுந்து கும்பிட்டிருக்கீங்க? அதையே நினைச்சுக்கிட்டுப் படுங்க" என்றார். பூக்குழி இறங்கிய மனுஷன் அவர். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, கைகளைத் தலைக்கு மேல் நீட்டிப் படுத்தார். அரை மணி நேரத்தில் 88 என்பது 93 ஆனது. அதன்பின் தினமும் இரண்டிரண்டு மணி நேரமாக அப்படித்தான் படுத்தார்.

எங்கள் வீட்டில் சாமி மாடமும் அப்பாவின் கட்டிலும் ஒரே அறையில். சிலிண்டர் வந்த அன்று அம்மா கற்பூரம் ஏற்றப் போனார், நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். ஆக்சிஜன் கசிந்த அறையில் சின்னப் பொறிகூடத் துணியைப் பற்ற வைத்துவிடும். அதே காரணத்தால் நெஞ்சில் தைலம் தேய்ப்பதையும் நிறுத்தச் சொன்னேன். அம்மா முகம் வாடிவிட்டது. பிறகு தீபமில்லாமல் திருநீறு மட்டும் பூசி, மெல்லப் பாடிக்கொண்டே ஆக்சிமீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு மணியும் நோட்டில் எழுதினார். எண் ஏறினால் அவர் குரலும் தெம்பாகும்.

டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளில் அது சாவைக் குறைக்கிறது என்று 2020 ஜூனிலேயே பிரிட்டன் ஆய்வு காட்டியது. அப்பாவுக்கு டாக்டர் சொல்லித்தான் தினம் 6 மில்லிகிராம் கொடுத்தோம். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. எங்கள் தெருவில் காய்ச்சல் வந்த முதல் நாளே வாங்கி விழுங்கினார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வேண்டுதல் போதும், மருந்தெல்லாம் எதற்கு என்ற மாமா மீதும், சாமி கும்பிட்டு என்ன ஆகப் போகிறது என்ற நண்பன் மீதும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இரண்டு பேருமே அந்த அறைக்குள் ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை.

இடையில் இன்னும் சில முறை நிரப்பினோம், சிக்கலில்லை. பதினோராம் நாள் காலை குழாயை எடுத்த பிறகும் 94 நின்றது. அம்மா மூன்று முறை மாற்றி மாற்றி விரலில் மாட்டிப் பார்த்தார். சிலிண்டரை வெளியே எடுத்து, ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, மாலையில் விளக்கு ஏற்றினார்.

சிலிண்டர் அன்றே அடுத்த தெருவுக்குப் போனது. சாவியை அதன் கழுத்திலேயே கயிற்றால் கட்டி அனுப்பினேன்.