சித்திரைக் கேட்டை அரசி

கும்பகோணத்தைச் சுற்றிக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நவக்கிரகப் பட்டியலோடுதான் கிளம்புவார்கள். ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், சூரியனுக்குச் சூரியனார்கோயில், சுக்கிரனுக்குக் கஞ்சனூர் என்று வண்டிக்காரரே ஒரு வரிசை வைத்திருப்பார். இந்த முறை அந்த வரிசையை விட்டுவிட்டு, சோழ அரசிகள் கட்டிய கோயில்களையும் அவர்களுக்காகக் கட்டப்பட்ட கோயில்களையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நான். கூட வந்தது என் மாமியார். அவருக்குத் தேவாரம் மனப்பாடம், எனக்குக் கல்வெட்டுப் பைத்தியம். கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"பாடல் பெற்ற தலமா இருந்தா எங்க வேணா வரேன். வெறும் எழுத்தைப் பார்க்கறதுக்கு வெயில்ல நிக்கச் சொல்லாத."

சரி, முதலில் பட்டீஸ்வரம். சம்பந்தருக்கு முத்துப்பந்தல் கொடுத்த இடம், அத்தைக்கு ஆட்சேபம் இல்லை. துர்க்கை சன்னிதியில் எலுமிச்சை விளக்கோடு நல்ல கூட்டம். சோழர் அரண்மனை வாசலைக் காத்தவள் இந்த துர்க்கை என்று சொல்வார்கள். பழையாறைதானே அவர்களுடைய பழைய அரண்மனை ஊர், அதனால் நம்பத் தோன்றும்.

அந்தக் கூட்டத்தில் கால்வாசிகூட, பக்கத்திலேயே இருக்கும் ராமநாதன் கோயிலுக்கு வருவதில்லை. ஊரார் சொல்லும் பெயர் அது. கல்வெட்டில் உள்ள பெயர் பஞ்சவன்மாதேவீஸ்வரம். ராஜராஜனின் தேவியரில் ஒருவர் பஞ்சவன்மாதேவி, பழுவேட்டரையர் குலத்துப் பெண். அவர் நினைவாக முதலாம் ராஜேந்திரன் 1019-ஐ ஒட்டி எழுப்பிய பள்ளிப்படை, அதாவது இறந்தவருக்காக எழுப்பும் நினைவுக் கோயில் இது. ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன்மாதேவி. பஞ்சவன்மாதேவி அவனுக்குச் சிற்றன்னை முறை. கங்கைவரை படை அனுப்பிய ஒருவன் சிற்றன்னைக்காக ஒரு சிவாலயம் கட்டியிருக்கிறான். அவர் அவனை எப்படி நடத்தியிருந்தால் இது நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பிரகாரம் சுற்றினேன். அத்தை கருங்கல் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சமாதிக் கோயில்னு சொல்றாங்களே, குளிக்கணுமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். பள்ளிப்படையும் சிவாலயம்தான், கருவறையில் லிங்கம்தான் என்று சொன்ன பிறகு சமாதானம் ஆனார்.

அங்கிருந்து கிழக்கே ஆடுதுறைக்குப் போகும் வழி முழுக்க வண்டியில் பேச்சு இந்த அரசிகளைப் பற்றித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும் என்று வரிசை வைத்து எழுதச் சொல்கிறான். தனக்கு அடுத்த இடம் அக்கா குந்தவைக்கு, அப்புறம்தான் மனைவிமார். அந்த மனைவியரில் ஒருவரான உலோகமாதேவி திருவையாற்றில் வடகயிலாயம் என்று தனிக் கோயிலே எடுத்தவர். கல்வெட்டில் அவர் பெயர் தந்திசக்தி விடங்கி. ராஜராஜனின் கடைசி ஆண்டுகளில், திருவிசலூரில் அவன் துலாபாரம் ஏற, இவர் பொற்பசுவில் புகுந்து எழும் ஹிரண்யகர்ப்பம் செய்திருக்கிறார்.

"இதெல்லாம் ராஜா பணம்தானே?" என்றார் அத்தை.

எல்லாம் இல்லை. தங்கள் பெயரிலேயே பொன்னும் நிலமும் வைத்துக்கொண்டு, தாங்களே ஆணை கொடுத்துச் செய்த கொடைகள் ஏராளம். கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்கு வேண்டும் என்றால் 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். அதை இடையர் ஒருவர் பொறுப்பில் விடுவார்கள். அவர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கவேண்டும். கிழடானது போகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருப்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். இத்தனையும் கணக்குத் தெரிந்தவர்கள் செய்யும் காரியம். அந்தப்புரத்தில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த ராணிகள் என்று நாம் நினைத்துக்கொள்வது நம்முடைய சினிமாப் பழக்கம்.

இந்த எல்லோருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு, செம்பியன் மாதேவி. மழவர் குடியில் பிறந்து, முதலாம் பராந்தகன் மகன் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டவர். தில்லைக் கூத்தன்மேல் திருவிசைப்பா பாடிய அதே கண்டராதித்தர்தான், ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. சிவபக்தியில் மூழ்கிய அந்த அரசர் சில ஆண்டுகளே ஆண்டு 957 வாக்கில் மறைந்துவிட்டார். அப்போது மகன் மதுராந்தகன் சின்னப் பிள்ளை. பட்டம் கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்குப் போனது, அவர் மகன் சுந்தர சோழருக்குப் போனது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையானான். அதற்குப் பிறகுதான் 970-ஐ ஒட்டி மதுராந்தகன், உத்தம சோழன் என்ற பெயரில் அரசனாகிறான். கொலைக்கும் அவனுக்கும் முடிச்சுப் போடுபவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. கொலைகாரர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்வது ரவிதாசன், சோமன் முதலியவர்களைத்தான்.

இப்படி ரத்தமும் சந்தேகமும் நிறைந்த ஒரு வீட்டில், கணவனை இழந்த பெண் ஒருவர் ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கற்றளியாக, அதாவது கல்லால் கட்டிய கோயிலாக மாற்றிக்கொண்டிருந்தார். உத்தமனுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த ராஜராஜன் காலத்திலும் அந்தப் பணி நிற்கவில்லை. உத்தமனின் மகனுக்குத் தாத்தா பெயர், மதுராந்தகன் கண்டராதித்தன். அவன் ராஜராஜனிடம் அதிகாரியாக இருந்து கோயில் கணக்குகளை விசாரித்திருக்கிறான். அரியணைக்குப் பங்காளியான ஒருவன் எதிரியாகாமல் கோயில் கணக்குப் பார்க்கிறான் என்றால், பாட்டியின் வளர்ப்பு அதில் கொஞ்சமாவது இருக்கும் என்பது என் கட்சி.

ஆடுதுறையில் ஆபத்சகாயேஸ்வரரைப் பார்த்தோம். சுக்ரீவன் வழிபட்ட தென்குரங்காடுதுறை இது, செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில்களில் ஒன்று. நடை சாத்தப் போகிறார்கள் என்பதால் அவசர தரிசனம்தான். அதைவிட அதிக நேரம் நின்றது, அதற்கு முன் காவிரியைத் தாண்டிப் போய்ப் பார்த்த திருக்கோடிகாவலில்.

கோடீஸ்வரர், திரிபுரசுந்தரி. எமபயம் தீர்க்கும் தலம் என்பது நம்பிக்கை. அத்தை அங்கே அப்பர் பதிகத்தை முழுசாகப் பாடி முடித்தார். நான் சுவரோரம் நின்றேன். இந்தக் கோயிலைக் கல்லால் கட்டியபோது செம்பியன் மாதேவி ஒரு காரியம் செய்தார். பழைய கோயிலில் இருந்த, பல்லவர் காலம்வரை போகும் கல்வெட்டுகள் தனித்தனிக் கற்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் படித்துப் பார்த்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்தார். அப்படி வெட்டியதை 'இதுவும் ஒரு பழங்கற்படி', அதாவது பழைய கல்லின் நகல், என்று குறித்தும் வைக்கச் செய்தார். யாரோ எப்போதோ கொடுத்த விளக்குக்கும் நிலத்துக்கும் கணக்கு விட்டுப்போகக் கூடாது என்ற அக்கறை அது. திருப்பணி என்ற பெயரில் எழுத்துள்ள கல்லின்மேல் சிமெண்ட் பூசுவதையும், மணல் பீய்ச்சி எழுத்தைத் தேய்ப்பதையும் நம் காலத்தில் எத்தனை ஊரில் பார்த்துவிட்டோம். அந்தச் சுவர் முன்னால் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

சாப்பிட்டு, சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்குக் கோனேரிராஜபுரம் போனோம். தேவாரத்தில் திருநல்லம். கும்பகோணம் காரைக்கால் சாலையில் எஸ்.புதூரிலிருந்து உள்ளே போகவேண்டும். மேற்கு பார்த்த சன்னிதி, உமாமகேஸ்வரர். உடல் உபாதைக்கு வேண்டிக்கொள்ள வைத்தியநாதர் தனியாக இருக்கிறார். புரூரவஸ் மன்னன் குஷ்டம் தீர்ந்த கதை இங்கேதான்.

கூட்டம் வருவது பெரும்பாலும் நடராஜருக்கு. ஆளுயரத்தைத் தாண்டிய செப்புத் திருமேனி, நிமிர்ந்துதான் பார்க்கவேண்டும். சிற்பி எத்தனை முறை வார்த்தும் சரியாக வரவில்லையாம். அரசன் கெடு வைத்துவிட்டானாம். அந்த நேரம் பார்த்து ஒரு வயதான தம்பதி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்க, "உலையில கொதிக்குது, வேணும்னா குடிச்சுக்கோங்க" என்று சிற்பி எரிந்து விழுந்தானாம். வாங்கிக் குடித்தார்கள், அப்படியே சிலையானார்கள். அதனால்தான் விரலில் நகம்வரை இருக்கிறது என்று தீபத்தைக் கையருகே கொண்டுபோய்க் காட்டினார் குருக்கள். கதை எப்படியும் இருக்கட்டும், அந்த விரல்களைப் பார்த்தபோது எனக்கும் வாய் அடைத்துத்தான் போனது.

அப்புறம் வெளியே வந்து தெற்குச் சுவர். பிரகாரத்தில் வெயில் இறங்கியிருந்ததால் அத்தை நிபந்தனையை மறந்து கூடவே வந்தார். சுவர் மாடமான கோஷ்டத்தில் அகத்தியர், பிள்ளையார், கல்லில் ஆடும் நடராஜர் என்று வரிசையாக இருக்கிறார்கள். சுவரில் இத்தனை தெய்வங்களை நிரப்பி வைத்தது செம்பியன் மாதேவி கோயில்களின் தனி அடையாளம். அந்தச் சுவரில் சின்னதாக ஒரு புடைப்புச் சிற்பம். லிங்கத்தின் முன் ஓர் அரசர் தொழுகிறார். அதற்குக் கீழே எழுத்து. செம்பியன் மாதேவி, தம் திருமகனார் உத்தம சோழர் ஆட்சி செய்யும்போது, தம் கணவர் கண்டராதித்த தேவர் பெயரால் திருநல்லமுடையாருக்குக் கற்றளி எழுப்பி, அதில் இறைவன் திருவடியைத் தொழுவதாக அமைத்த கண்டராதித்த தேவர் 'இவர்' என்று முடிகிறது. கல்யாண ஆல்பத்தில் படத்துக்கு அடியில் பெயர் எழுதி வைப்போமே, அந்த மாதிரி.

கட்டுமானத்தை நின்று நடத்தியவரும் விட்டுப்போகவில்லை. ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பது அவர் பெயர். இராஜகேசரி மூவேந்தவேளான் என்று பட்டம் கொடுத்து, அதையும் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள்.

இது பக்தியா, அரசியலா? மகன் அரியணையில் இருக்கிறான், கணவர் சிவனைத் தொழுகிறார், இருவரையும் இணைத்து நடுவில் தன் பெயர். கண்டராதித்தர் கிளைக்குத்தான் சோழ நாடு என்பதை இதைவிட அழுத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. அதே சமயம், வெறும் அரசியல் என்றால் மகன் காலத்தோடு முடிந்திருக்கவேண்டும். 1001 வாக்கு வரைக்கும், பட்டம் வேறு கிளைக்குப் போன பின்னும், அவர் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். இரண்டும் ஒரே கல்லில் இருப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அத்தையிடம் இன்னொரு செய்தி சொன்னேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே செம்பியன்மாதேவி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரை மாதக் கேட்டை நட்சத்திரத்தில் பூசை நடக்க உத்தம சோழனின் தேவிமார் கொடை வைத்திருக்கிறார்கள்.

"மருமகள்களா? மாமியார் பொறந்தநாளுக்கா?"

"ஆமா."

"கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் போய்ச் சேர்வதற்குள் அர்ச்சனைத் தட்டு குருக்கள் கையில். பெயர், நட்சத்திரம் கேட்டிருக்கிறார். அத்தை சொன்னார், "செம்பியன் மாதேவி. கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி."

"கோத்திரம்?"

"சிவகோத்திரம்னு சொல்லுங்கோ."

குருக்களுக்குப் பாதி மந்திரத்தில்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். "இந்தக் கோயிலைக் கட்டினவாளா? அம்மா, இருக்கறவாளுக்குத்தான் அர்ச்சனை பண்றது."

"அவங்க கட்டின சுவருக்குள்ளதானே நிக்கறோம், பண்ணுங்கோ சாமி."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் கண்டராதித்தர் பெயரையும் உத்தம சோழர் பெயரையும் தானாகவே சேர்த்துக்கொண்டு, சஹகுடும்பமாகச் சங்கல்பத்தை முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். விபூதி கொடுக்கும்போது, சித்திரைக் கேட்டைக்கு அந்த ஊருக்கே ஒருதரம் போய் வாருங்கள் என்றார். வண்டியில் ஏறியதும் அத்தை செய்த முதல் வேலை, கீழ்வேளூர் வழியா திருவாரூர் வழியா எது சுலபம் என்று வண்டிக்காரரிடம் விசாரித்தது. பாடல் பெற்ற தலமா என்று கேட்கவே இல்லை.