கடைசி வாங்கில் ஒரு கிழவி

எங்கள் பள்ளி மண்டபத்தின் பின்கதவோரம் ஒரு கால் கட்டையான வாங்கு ஒன்று கிடந்தது. நாடகம் பழகத் தொடங்கினால் மாஸ்ரர் மேடைப்பக்கம் வரமாட்டார். அந்த வாங்கில் இருந்து வெற்றிலை மடிப்பார். "தம்பி, இஞ்ச ஒரு கிழவி இருக்கிறா. அவவுக்குக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லு." அங்கே கிழவியும் இல்லை, குமரியும் இல்லை. ஆனாலும் உயர்தரம் (ஏ.எல்.) முடியும்வரை அவவுக்காகத்தான் நடித்தேன்.

தொண்டையால் கத்தினால் மூன்றாம் நாள் குரல் அடைத்துவிடும். அதற்காக எங்களை நிலத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் தடித்த அகராதியை வைப்பார். அகராதி ஏறி இறங்க வேண்டும், தோள் அசையக்கூடாது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபின், மாஸ்ரர் அங்கே களப்பயிற்சிக்குப் போய்வந்து, படித்ததை எங்களில் பரீட்சித்துப் பார்ப்பார். எதிரெதிரே நின்று ஒருவன் அசைவை மற்றவன் கண்ணாடிபோலச் செய்யவேண்டும். பாதி நாள் சிரித்தே குழப்பினோம்.

அதுவரை நடிப்பென்றால் எங்களுக்கு நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடி நடித்த மயான காண்டம்தான். கோயில் வீதியில் பாய் விரித்துக் கிடந்து பார்ப்போம். அந்த நாள் மேடைகளில் நடுவே ஒரு மைக் தொங்கும். அதன் கீழ் வந்து பாடிவிட்டு அடுத்தவருக்கு விலகிக் கொடுக்கவேண்டும். கைதேர்ந்த நடிகன் வந்தால், மைக்கைத் தேடி வந்தான் என்று தெரியாது. துக்கம் தாளாமல் வந்தான் என்றே தோன்றும்.

1982இல் இலங்கை அரசின் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது நான் கொழும்பில் கந்தோர் வேலை. பிறகு ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தகப்பன் வேடம் கிடைத்தது. முதற் காட்சியில் மகளை ஏசவேண்டும். ஏசினேன். ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். "அண்ணை, மைக் உங்கட தலைக்கு மேலதான் நிக்குது." இங்கேயும் மைக் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, கிழவியைத்தான் காணவில்லை. கமெரா கிட்ட வந்தால் புருவம் தூக்கினாலே கத்தினதுபோல. ஏழாம் முறைதான் பிடிபட்டது: குரலைக் குறைக்கலாம், மூச்சைக் குறைக்கக்கூடாது. அகராதி அங்கேதான் கைகொடுத்தது.

அதன்பின் சின்னத்திரையில் நிறையத் தகப்பன்மார், இரண்டு விதானையார், ஒரு பேய். 1985இல் சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் ஊரில் மேடையேறியபோது நான் அங்கே இல்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

இப்போது லண்டனில் சங்கக் கலைவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். கன்னத்தில் மைக் ஒட்டிக்கொண்டு வருவார்கள். கழற்றச் சொல்லிவிட்டுக் கடைசிக் கதிரையில் போய் இருப்பேன். போன கிழமையும் அப்படித்தான், "கேக்கேல்லை, திருப்பிச் சொல்லு" என்றேன். நாலாம் தரம் ஒரு பெடியன் மேடையில் இருந்தே கேட்டான்: "அங்கிள், உங்களுக்குக் காது செக் பண்ணினதோ?"

அது மட்டும் தெளிவாகக் கேட்டது.