பில் போடும் இடத்தில் வயதுச் சான்று: பிரிட்டன் போகும் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து படிக்கவும் வேலைக்கும் பிரிட்டன் போகிற பிள்ளைகளின் பெட்டியில் சீப்புச் சீடை, தேன்குழல், இட்லிப் பொடி எல்லாம் முறையாக ஏறிவிடும். இறங்கின முதல் வாரமே சூப்பர் மார்க்கெட்டில் வயதுக்குச் சான்று கேட்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பாலும் ரொட்டியும் இருக்கிற அதே கடையில் இரண்டு வரிசை தள்ளி ஒயினும் பீரும் விஸ்கியும் அடுக்கியிருக்கும். டாஸ்மாக் கடையைத் தவிர வேறெங்கும் பாட்டிலைப் பார்த்திராதவர்களுக்கு, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். எடுக்கத் தடையில்லை. தடை பில் போடும் இடத்தில்தான் வரும்.

சட்டப்படி அங்கே மது வாங்க 18 வயது முடிந்திருந்தால் போதும். நம் தமிழ்நாட்டில் 21. அப்படியிருக்க, தாடி வைத்த 24 வயதுப் பையனிடம் ஏன் கேட்கிறார்கள்? பெரிய கடைகள் ‘சேலஞ்ச் 25’ என்றொரு விதியை வைத்திருக்கின்றன. பார்வைக்கு 25க்குக் கீழே தெரிகிற எவரிடமும் சான்று கேட்க வேண்டும் என்பது விதி. முகத்தைப் பார்த்து 17, 19 என்று பிரிக்க யாராலும் முடியாது. அதனால்தான் ஏழு வருடம் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபரிலிருந்து இது சட்டமாகவே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதைச் சரிபார்க்கும் முறை ஒன்று கடையில் இருந்தாக வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதற்குப் பெரும்பாலான கடைகள் 25 என்ற கோட்டை எடுத்துக்கொண்டன.

கேட்கிற ஊழியரின் நிலைமையையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 18 முடியாதவருக்கு விற்றுவிட்டால் அபராதம் கடைக்கு மட்டுமல்ல, பில் போட்ட ஆளுக்கும் விழும். மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை அப்படி நடந்தால் கடையின் மது உரிமமே நிறுத்திவைக்கப்படலாம். உள்ளூராட்சி அதிகாரிகள் வயது குறைந்தவர்களை அனுப்பி வாங்கச் சொல்லிச் சோதிப்பதுண்டு. நிறுவனங்கள் தாங்களே 18, 19 வயதுக்காரர்களை அனுப்பி, ஊழியர் சான்று கேட்கிறாரா என்று பார்ப்பதும் உண்டு. கேட்காமல் விட்ட ஊழியருக்கு வேலை போகலாம். நம் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று புதிதாகப் போன பிள்ளைகள் மனம் வாடிப்போகிறார்கள். பக்கத்து வரிசையில் வெள்ளைக்காரப் பையனும் அட்டையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறான், பாருங்கள்.

நாமே பில் போடுகிற மெஷினில் பாட்டிலை ஸ்கேன் செய்ததும் திரை நின்றுவிடும், மேலே விளக்கு எரியும். ஊழியர் வந்து முகத்தைப் பார்ப்பார். 25 தாண்டியவர் என்று தெரிந்தால் தானே அனுமதித்துவிட்டுப் போவார். இல்லையென்றால் ஐடி கேட்பார். அதில் அவர் பார்ப்பது நாலே விஷயம்: படம் நம் முகம்தானா, பிறந்த தேதி, அட்டை காலாவதியாகிவிட்டதா, ஹாலோகிராம் இருக்கிறதா. தேதிக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை, இன்ன தேதிக்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்று திரையிலேயே இருக்கும். நம் வீடுகளில் ‘18 நடக்குது’ என்பது 17 முடிந்தவருக்கு. அங்கே வாங்குகிற நாளில் 18 நிறைந்திருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் இல்லைதான். ஜாதகத்தில் ஒரு தேதியும் பள்ளிச் சர்டிபிகேட்டில் இன்னொரு தேதியும் இருப்பவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் ஏறிய தேதிதான் கணக்கு.

எது செல்லும், எது செல்லாது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் செல்லும், ஆனால் அசல் புத்தகமாக, காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும். போனில் எடுத்து வைத்த படமோ ஜெராக்ஸோ செல்லாது. ஆதார், பான் கார்டு இரண்டையும் நீட்டிப் பயனில்லை. இந்திய டிரைவிங் லைசென்ஸைப் பெரும்பாலான கடைகள் ஏற்பதில்லை. பல்கலைக்கழக அட்டையில் படம் இருந்தும் அது பெரும்பாலும் எடுபடாது. முன்பு விசாவுக்கென்று கொடுத்த பிளாஸ்டிக் அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டன. இப்போது விசா ஆன்லைன் கணக்கில் இருக்கிறது, அதைக் கடையில் திறந்து காட்டி வயதை நிரூபிக்க முடியாது. பிரிட்டனின் டிரைவிங் லைசென்ஸும், ‘பாஸ்’ (PASS) என்ற அந்நாட்டு வயதுச் சான்றுத் திட்டத்தின் ஹாலோகிராம் போட்ட வயது அட்டையும் செல்லும்.

பாஸ்போர்ட் பத்திரம் என்று அப்பச்சியும் ஆத்தாவும் பத்துத் தடவை சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கும் பஸ்ஸுக்கும் அலைவது சரியில்லை. தொலைந்தால் போலீஸ் புகார், இந்திய ஹை கமிஷனுக்கு விண்ணப்பம், புது எண் வந்ததும் விசா கணக்கில் மாற்றம் என்று மாதங்கள் போகும். அதனால் முதல் மாதத்திலேயே புரொவிஷனல் லைசென்ஸ், அதாவது அங்கத்திய எல்எல்ஆர், எடுத்துவிடுங்கள். வண்டி ஓட்டும் எண்ணமே இல்லாதவர்களும் எடுக்கலாம். பச்சை நிறத்தில் பர்ஸில் அடங்கும் அட்டை அது. குறைந்தது 185 நாள் அங்கே தங்க அனுமதி இருக்க வேண்டும், ஒரு வருட முதுகலை விசாக்காரர்களுக்கு அது இருக்கும். ஆன்லைனில் கட்டணம் 34 பவுண்டு, தபாலில் 43. அரசின் சொந்த இணையதளத்தில் மட்டும் போடுங்கள். இடையில் உட்கார்ந்து கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும்.

விண்ணப்பத்தில் கடந்த 3 வருட முகவரிகளைக் கேட்கும், ஊர் வீட்டு முகவரியைப் பின்கோடோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட வேண்டும். தாத்தா, அப்பச்சி பெயருக்கெல்லாம் இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு அதைச் சுருக்கியும் விரித்தும் எழுதக் கை போகும், கூடாது. ஆன்லைனில் முடியவில்லை என்றால் தபால் நிலையத்தில் டி1 படிவம் வாங்கி அனுப்பலாம். அதோடு அசல் பாஸ்போர்ட்டையும் லைசென்ஸ் அலுவலகம் இருக்கிற ஸ்வான்சிக்கு அனுப்ப நேரிட்டால் அது திரும்பி வரச் சில வாரம் பிடிக்கும். ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிற மாதத்தில் அந்த வேலை வேண்டாம். இதில் இன்னொரு நன்மை படம். 16 வயதில் மீசை இல்லாமல் எடுத்த பாஸ்போர்ட் படத்தை 24 வயது தாடி முகத்தோடு வைத்துப் பார்க்கும் ஊழியர் தயங்கத்தான் செய்வார். புது அட்டையில் இன்றைய முகம் இருக்கும்.

சான்று கையில் இருந்தும் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. நாலு பேர் சேர்ந்து போய் ஒருவர் மட்டும் பணம் கட்டினால், மற்ற மூவரிடமும் ஐடி கேட்க ஊழியருக்கு இடமிருக்கிறது. புதிதாகக் கல்யாணமாகிப் போன தம்பதியில் கணவரிடம் அட்டை இருந்து, 23 வயது மனைவியிடம் இல்லையென்றாலும் மறுக்கலாம். வயது குறைந்தவருக்காக வாங்கிக் கொடுப்பது வாங்குபவர்மேல் குற்றம் என்பதால் வரும் எச்சரிக்கை இது. ஒரு தடவை மறுத்துவிட்டால் பதிவேட்டில் குறித்துவிடுவார்கள். அடுத்த கவுண்டருக்குப் போவதோ நண்பனை அனுப்புவதோ சந்தேகத்தைத்தான் கூட்டும். மேனேஜரைக் கூப்பிட்டாலும் அவர் ஊழியர் பக்கமே நிற்பார். பாட்டிலை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற சாமானுக்குப் பணம் கட்டிவிட்டு வாருங்கள், அதில் அவமானம் எதுவுமில்லை.

வீட்டுக்கு வரும் டெலிவரியிலும் இதே விதிதான். ஆர்டர் போட்டவர் யாராக இருந்தாலும் கதவைத் திறப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சான்று இல்லையென்றால் பாட்டில் மட்டும் திரும்பிப் போகும்.

குடிக்கிற பழக்கமே இல்லாத பிள்ளைகள் இது தமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சமையலுக்குக் கத்தி வாங்கினாலும் 18 முடிந்திருக்க வேண்டும், ஐடி கேட்பார்கள். லாட்டரிச் சீட்டுக்கும் அப்படியே. ஆல்கஹால் இல்லாத பீருக்குக்கூடப் பல கடைகளில் கேட்பதுண்டு. அரிவாள்மனை கொண்டுபோகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் செக்கின் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். பாரசிட்டமால் 16 மாத்திரைப் பெட்டியாக வரும், இரண்டு பெட்டிக்கு மேல் பெரும்பாலும் தர மாட்டார்கள். தலைவலி மாத்திரைக்கு இவ்வளவா என்று கேட்க வேண்டாம், அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து அது.

கிளாஸ்கோ, எடின்பரோ, டண்டி போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஸ்காட்லாந்துக் கடைகளில் காலை 10 முதல் இரவு 10 வரைதான் மது விற்பனை. இரவு 10 அடித்த பின் ஐடி கையில் இருந்தாலும் பில் விழாது. குறைந்தபட்ச விலையும் அங்கே உண்டு, 2024 செப்டம்பர் 30லிருந்து யூனிட்டுக்கு, அதாவது 10 மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு, 65 பென்ஸ். 40 சதவீதம் உள்ள 700 மில்லி விஸ்கியில் 28 யூனிட், ஆகவே 18 பவுண்டு 20 பென்ஸுக்குக் குறைத்து விற்கக் கூடாது. இங்கிலாந்துப் பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், அன்றைக்குச் சாமான் வாங்குவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அறை மாறினால் லைசென்ஸில் முகவரியை உடனே மாற்றுங்கள். ஆன்லைனில் காசில்லாமல் முடிகிற வேலை அது, மாற்றாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் போட இடமிருக்கிறது. மாணவர் விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகிற வேளையில் பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.