ட்ரக் கோர்ட்டில் நன்னடத்தை அலுவலர்: குப்பி சொல்வதும் சொல்லாததும்

சிறைக்குப் பதில் சிகிச்சை, கூடவே நீதிபதியின் நேரடிக் கண்காணிப்பு என்ற ட்ரக் கோர்ட் முறை அமெரிக்காவில் 1989-ல் மயாமியில் தொடங்கியது. பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நீளும். இதில் நன்னடத்தை அலுவலரின் வேலையில் பெரும்பங்கு ஒரு பிளாஸ்டிக் குப்பியைச் சுற்றித்தான்.

சிறுநீர்ச் சோதனை வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்க வேண்டும். எந்த நாள் என்பது முன்கூட்டித் தெரியக்கூடாது. திட்டத்தில் இருப்பவர்கள் தினமும் காலையில் ஒரு எண்ணுக்கு ஃபோன் செய்து, தங்களுக்கு ஒதுக்கிய நிறம் அன்றைய சோதனைக்கு வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். சனி, ஞாயிறும் கணக்கில் உண்டு. கோகைன் எடுத்த தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் தங்கும். திங்கள், வியாழன் என்று நிலையான அட்டவணை போட்டால், வியாழன் மாலை எடுத்தவர் திங்களன்று சுத்தமாக வந்து நிற்பார்.

மாதிரி எடுக்கும்போது அதே பாலினத்தவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். கோட்டும் பையும் வெளியே. நான்கு நிமிடத்துக்குள் வெப்பநிலைப் பட்டையைப் பாருங்கள்: 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். குறைந்தால் முன்பே எடுத்து வைத்ததாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கலாம். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மாதிரி நீர்த்துப்போயிருக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்து வருவதே வழக்கமான காரணம். விடிந்ததும் வரச் சொன்னால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

குப்பியிலுள்ள போதைச் சோதனைப் பட்டை முதல்கட்டச் சல்லடை மட்டுமே. கசகசா ஓபியேட்டாக, அதாவது அபின் வகைப் போதைப்பொருளாகக் காட்டலாம். புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரை ஆம்ஃபெடமைன் என்ற ஊக்கப் போதைப்பொருளாகக் காட்டலாம். 'நான் எடுக்கவில்லை' என்று ஒருவர் மறுத்தால் ஆய்வகத்துக்கு அனுப்பி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற துல்லியச் சோதனையின் முடிவு வரும்வரை தண்டனையைப் பற்றிப் பேசக்கூடாது. இன்னொரு ஓட்டை: வழக்கமான ஓபியேட் பட்டை ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளைப் பிடிக்காது, அதற்குத் தனிப்பட்டை வேண்டும். நாள்தோறும் எடுத்தவரிடம் ஃபென்டனில் நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் தெரியும், கஞ்சா பல வாரம். இரண்டாவது பாசிட்டிவைப் பார்த்ததும் புதிதாக எடுத்திருக்கிறார் என்று எழுதிவிடுவது புதிய அலுவலர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

நீதிமன்றம் கூடும்முன் நீதிபதி, வழக்கறிஞர்கள், சிகிச்சையாளர் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். அங்கே அலுவலரின் அறிக்கைதான் அடிப்படை. அதில் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. தானே ஒப்புக்கொண்டாரா, மறைத்தாரா, சோதனைக்கே வரவில்லையா என்பதைத் தனித்தனியாக எழுத வேண்டும். திட்டத்தின் முதல் கட்டத்தில் இருப்பவரால் போதையை உடனே விட முடியாது, அது நோய். ஆனால் வந்து மாதிரி கொடுப்பதும் உண்மை சொல்வதும் இன்றே முடிகிற காரியம். ஆகவே எடுத்ததாக ஒப்புக்கொண்டவருக்குச் சிகிச்சையை மாற்றுவதும், வராமல் தவிர்த்தவருக்குத் தண்டனை தருவதுமே சரி. எதுவானாலும் சில நாள்களுக்குள் நடக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வரும் தண்டனையை அவர் தன் செயலோடு இணைத்துப் பார்க்க மாட்டார்.

சிறையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று முதல் ஆறு நாளுக்கு மேல் வேண்டாம். உள்ளே இருக்கும்போது போதைப்பொருளைத் தாங்கும் உடலின் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். விடுவிக்கும் நாளில், அளவு மீறிய ஓபியேட் போதையை முறிக்கும் நாலாக்சோன் மருந்து அவர் கையில் இருக்க வேண்டும்.

மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் ஓபியேட் அடிமைத்தனத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகள், விதிமீறல் அல்ல. இவற்றை நிறுத்தச் சொல்வது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானதாகலாம் என்று அமெரிக்க அரசின் நீதித் துறை (Department of Justice) 2022-ல் தெளிவுபடுத்தியது. சரியாக எடுக்கிறாரா, விற்கிறாரா என்பது மட்டுமே அலுவலரின் கேள்வி.

கட்டங்கள் ஏற ஏற மேற்பார்வை தளரும். முதலில் நீதிமன்ற வருகையையும் அலுவலகச் சந்திப்பையும் குறையுங்கள். சோதனையை மட்டும் கடைசி வரை அப்படியே விடுங்கள். மற்றவற்றைத் தளர்த்தியதை அவர் தாங்குகிறாரா என்பது அதில்தான் தெரியும்.