அப்பத்தாவுக்குப் போட்ட பாதிக் கட்டு

கை எலும்பு முறிந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே முதல் வேலை, வளையலையும் மோதிரத்தையும் கழற்றுவது. கானாடுகாத்தான் வீட்டில் ஈர முற்றத்தில் வழுக்கி அப்பத்தா கையை ஊன்றி விழுந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்து அதைத்தான் செய்தார்கள். சோப்பைத் தடவி ஒவ்வொன்றாக உருவினார்கள். அப்புறம் ஏறிய வீக்கத்தைப் பார்த்தால், விட்டிருந்தால் வளையலை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

மணிக்கட்டு கோணியிருந்தது. நிமிர்த்தப் பார்க்கவில்லை. இருந்த வாக்கிலேயே ஒரு தடித்த வாரப் பத்திரிகையை முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை அடியில் கொடுத்து, பழைய கண்டாங்கியைக் கிழித்துக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டோம். உடைந்த இடம் ஆடாமல் இருந்தாலே வலி எவ்வளவு அடங்குகிறது என்று காரைக்குடி போகும் வழியில் கண்ணால் பார்த்தேன்.

எக்ஸ்ரேயில் ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது), மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. வயதானவர்கள் கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் உடைவது அந்த இடம்தான். மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டை ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வைத்துத் துணி சுற்றினார்கள். ‘ஸ்லாப்’ என்கிறார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் குறை. "பாதிக் கட்டோட அனுப்பிட்டாங்களே, கட்டு வைத்தியர்கிட்ட போவோம்" என்றார் பெரியப்பா. டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன்: முதல் சில நாள் வீக்கம் ஏறும். சுற்றிலும் இறுகிய கட்டு இருந்தால் அது உள்ளேயே அழுத்தி, ரத்த ஓட்டம் நின்று, தசை செத்துப்போகும். மூங்கில் தப்பையை இறுக்கிக் கட்டினாலும் இதே ஆபத்துதான். கட்டு வைத்தியர் வீட்டிலேயே மருத்துவம் படிக்கப் போன கதையையும் சொன்னேன்: தொடை எலும்பு முறிவுக்குப் போடும் ‘தாமஸ் ஸ்ப்ளின்ட்’ என்ற தாங்கியைக் கொடுத்த பிரிட்டிஷ் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பம். அவரையே மருத்துவம் படிக்க வைத்தவர் எலும்பு கட்டிய அவர் அப்பாதான். இதைக் கேட்ட பிறகே பெரியப்பா சமாதானமானார்.

இரண்டு தலையணை மேல் கையை உயர்த்தி வைத்திருந்தோம். அடிக்கடி நகத்தை அழுத்திப் பார்ப்பேன். வெளுத்த நகம் விட்டதும் சிவக்க வேண்டும். விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடினாலோ, ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்பத்தாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. விரல்களை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள், இல்லையென்றால் விறைத்துவிடுமாம்.

வீக்கம் வடிந்ததும் முழு மாவுக்கட்டு போட்டார்கள். இப்போது அதையும் பிரித்தாயிற்று. வெளியே போகும்போது மட்டும் மணிக்கட்டுக்கு வெல்க்ரோ பட்டை. அடுத்து எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.