5 இன்ச் பித்தளைக் குழல் புரொஜெக்டர் லென்ஸ்: பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டியது வரை

எடுத்துக்கொண்டது 35 மி.மீ. புரொஜெக்டரில் ஓடிய லென்ஸ். ஃபோக்கல் லெங்த் (குவியத் தூரம்) 5 இன்ச், அதாவது 127 மி.மீ. கோட்டிங், அதாவது கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதைக் குறைக்கும் பூச்சு, இல்லாத பழைய பெட்ஸ்வால் அமைப்பு. ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் வியன்னாவில் ஆளைப் படம் பிடிக்கும் கேமராவுக்காகக் கணக்கிட்ட அமைப்பு இது. நடுவில் நல்ல கூர்மையும் தாராளமான வெளிச்சமும் தரும். ஓரம் போகப்போகக் குழையும். ஃபிலிமின் ஒரு சட்டம் நின்று ஒளி பாயும் இடமான சினிமா கேட்டின் துளை சுமார் 21 × 15 மி.மீ. தான். 5 இன்ச் லென்ஸுக்கு அது மூலைக்கு மூலை 12 டிகிரிக்குள் அடங்கிவிடுவதால் ஓரக் குழைவு கண்ணில் படாது. கொட்டகைகளில் இந்த அமைப்பு நெடுங்காலம் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

உள்ளே நான்கு கண்ணாடிகள். திரைப் பக்கம் இரண்டும் (முன் ஜோடி) பால்சம் என்ற தெளிந்த மரப்பிசினால் ஒட்டப்பட்டவை. ஃபிலிம் பக்கம் இரண்டும் (பின் ஜோடி) மெல்லிய வளையம் ஒன்றால் பிரிந்து நிற்பவை. காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. கோட்டிங் இல்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4% வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஆறையும் தாண்டி வரும்போது 22% போய்விடுகிறது. அதன்மேல் எண்ணெய்ப் படலமும் பூஞ்சையும் சேர்ந்தால் படத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும்.

திறப்பதற்கு முன் இருட்டறையில் எல்இடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில் தெரிந்தவை: ஃபிலிம் பக்கக் கண்ணாடியில் மெஷின் எண்ணெய் ஆவி படிந்து காய்ந்த மஞ்சள் படலம், பின் ஜோடிக்கு நடுவில் வேர்போலக் கிளைத்த பூஞ்சை, முன் ஜோடியின் விளிம்பில் பிறை வடிவ வெள்ளிப் பளபளப்பு. முன் பரப்பில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சாயலும் இருந்தது. இதை அழுக்கு என்று தேய்த்துவிடக் கூடாது. பழைய கண்ணாடி காலப்போக்கில் தானாக மங்கி உருவாகும் மெல்லிய அடுக்கு அது. இப்படி மங்கிய லென்ஸ் புதியதைவிட அதிக வெளிச்சம் விடுகிறது என்று குக் லென்ஸ்களை வடிவமைத்த டென்னிஸ் டெய்லர் 1890-களிலேயே கவனித்தார். இயற்கை இலவசமாகத் தந்த கோட்டிங். அப்படியே விட்டுவிட வேண்டும்.

அடுத்து, ஒப்பிடுவதற்கு ஒரு சோதனைப் படம். எழுத்து உள்ள ஃபிலிம் துண்டு, பின்னால் பட்டர் பேப்பர், அதற்குப் பின்னால் எல்இடி. லென்ஸிலிருந்து சுவர் 3 மீட்டர். படம் சுமார் 47 செ.மீ. அகலம் விழும். நடுவையும் நான்கு மூலைகளையும் போனில் எடுத்து வைத்தோம். இது இல்லாமல் பிரித்தால், பூட்டிய பிறகு லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வழியே இல்லை.

கழற்றும்போது முதலில் தேட வேண்டியது பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொடித் திருகு. அதைப் பார்க்காமல் வளையத்தைத் திருகினால் மரை அரைபட்டுவிடும். முன் வளையத்தில் ஸ்பேனர் மாட்டும் வெட்டு இல்லை. மரையில் எண்ணெய் காய்ந்து, பித்தளை பச்சை பூத்து இறுகிப் போயிருந்தது. இந்த இடத்தில் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. அது மரை வழியாக ஊர்ந்து கண்ணாடிக்கும் பால்சத்துக்கும் போய்ச் சேரும். ஹேர் டிரையரால் குழலைச் சுற்றிச் சூடு காட்டுவதே நல்லது. பித்தளை கண்ணாடியைவிட இரு மடங்குக்கும் மேல் விரியும் என்பதால் பிடி தளரும். கையால் தொட்டுப் பிடிக்க முடிகிற சூடு போதும். அதைத் தாண்டினால் பால்சம் இளகி, ஒட்டிய ஜோடி நகரத் தொடங்கும்.

வளையத்தை விரலால் இறுக்கிப் பிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பக்கமும் அழுத்தினால் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும், மரை இன்னும் கவ்விக்கொள்ளும். சைக்கிள் டியூபை ஒரு இன்ச் அகலப் பட்டையாக வெட்டிச் சுற்றிலும் போர்த்தி, எல்லாப் பக்கமும் சமமாகப் பிடித்துத் திருப்பியதும் அசைந்து கொடுத்தது. பின் வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருந்ததால் லென்ஸ் ஸ்பேனரே போதுமானது.

இனி வருவதுதான் முழுக் கவனமும் கேட்கும் வேலை. துடைப்பது சுலபம், எதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில்தான் பெட்ஸ்வால் கெடுகிறது. ஒவ்வொரு கண்ணாடியையும் எடுத்தவுடன், வேறெதையும் தொடும் முன், அதன் சொரசொரப்பான விளிம்பில் பென்சிலால் திரையை நோக்கி ஒரு அம்புக்குறி போட வேண்டும். இந்த லென்ஸில் பின் ஜோடியின் முதல் கண்ணாடி ஃபிளின்ட், அதாவது ஒளியை அதிகம் வளைக்கும் கனமான கண்ணாடி வகை. அதன் புடைத்த முகம் திரையைப் பார்க்கிறது. அடுத்து பிரிக்கும் வளையம், அதன்பின் இருபுறமும் புடைத்த கிரவுன், அதாவது ஒளியைக் குறைவாக வளைக்கும் லேசான கண்ணாடி வகை. கிரவுனின் இரண்டு முகமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வளைவு வேறு. டியூப் லைட்டின் பிம்பத்தை ஒவ்வொரு முகத்திலும் பார்த்தால், அதிகம் வளைந்த முகத்தில் பிம்பம் சிறியதாக இருக்கும். குறித்து வைத்தோம். கிரவுன் திரும்பிவிட்டால் நடு எழுத்தைச் சுற்றியே புகைபோல ஒளி வழியும், எவ்வளவு ஃபோக்கஸ் செய்தாலும் கூர்மை வராது.

பிரிக்கும் வளையத்துக்கும் பக்கம் உண்டு. வெர்னியரில் 1.2 மி.மீ. கனம்; ஒரு முகம் தட்டை, மறுமுகம் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்றாற்போல் உள்சரிவாகக் கடைந்தது. அந்தச் சரிவு நகத்தில்தான் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாகப் போட்டால் கண்ணாடி ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்து சாயும்.

கிரவுன் குழலுக்குள் கோணி மாட்டிக்கொண்டால் குச்சியால் தள்ளக் கூடாது, விளிம்பு சில்லு பெயரும். குழலை லேசாகச் சூடாக்கி, மடித்த துணிமேல் கவிழ்த்து, மரக்கட்டையால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் தானாக நேராகி விழும்.

துடைப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. முதலில் ஊதி, தூசியை விரட்ட வேண்டும். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பஞ்சை நனைத்து, கண்ணாடியின் மேல் அதன் எடை மட்டுமே இருக்கும்படி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. கடைசியில் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அசிட்டோன் வேண்டாம்: விளிம்பின் கறுப்புப் பெயின்டைக் கரைத்து முகம் முழுக்க இழுத்துவிடும்.

பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6%. சம அளவு தண்ணீர் கலந்து 3% ஆக்கி, அதோடு வீட்டு உபயோக அமோனியாவைச் சமமாகச் சேர்த்தோம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ப்ளீச் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. தனிக் கண்ணாடிகளில் தடவி, சில நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். ஒட்டிய ஜோடியை இதில் ஊறவைக்கவே கூடாது. பூஞ்சை முழுக்கப் போனது. ஆனால் அது கண்ணாடியை அரித்த தடம், டார்ச்சைச் சாய்த்தால் மயிரிழைபோல இன்னும் தெரிகிறது. அதை சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி போட்டுத் தேய்த்து எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கையால் தேய்த்தால் வளைவு கெடும், தடத்தைவிடப் பெரிய கேடு அது.

முன் ஜோடியின் வெள்ளிப் பிறை, பால்சம் விட்டுக் காற்று புகுந்ததன் அடையாளம். விளிம்பிலிருந்து 3 மி.மீ. வரைதான் வந்திருக்கிறது. அதைப் பிரிக்கவில்லை. பிரிப்பதானால் விளிம்பில் இரண்டு கண்ணாடிக்கும் குறுக்கே ஒரு ‘வி’ அடையாளம் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் துணி விரித்து வைத்து மிக மெதுவாகச் சூடேற்றி, பழைய பால்சத்தைக் கரைத்து, நோர்லேண்ட் 61 போன்ற, புற ஊதா ஒளியில் இறுகும் யுவி பசையால் மையம் பிசகாமல் ஒட்ட வேண்டும். மையம் துளி தவறினாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் நிறம் பிரியும். மூன்று மில்லிமீட்டருக்காக அந்த ஆபத்தில் இறங்குவது தகாது.

பூட்டும்போது மரைக்கு எண்ணெய் இல்லை, பென்சில் கரியைத் தேய்த்தது போதும். வளையத்தை முதலில் எதிர்த்திசையில் சுற்றி, ‘டிக்’ என்று மரை விழும் இடம் பார்த்து, அங்கிருந்து முறுக்கினால் மரை ஏறிப் போகாது. கண்ணாடி ஆடாத அளவுக்கு முறுக்கி அதோடு நிறுத்த வேண்டும்.

அதே சுவர், அதே 3 மீட்டர். நடுவின் கூர்மை முன்பிருந்த அளவே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை; அதுவே சரியாகப் பூட்டியதற்கு அடையாளம். மாற்றம் கறுப்பில்தான்: எழுத்தைச் சுற்றியிருந்த சாம்பல் பூச்சு போய்விட்டது. பின் வளையத்தின் உள்பக்கம் கறுப்பு உரிந்து பித்தளை பளிச்சிடுவதால் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய ஒளிவட்டம் பாக்கி. அங்கே மேட் பிளாக் பூச வேண்டும்.

இதே முறையை எல்லா லென்ஸிலும் செய்துவிட முடியாது. 16 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் உலோக விளிம்பையே கண்ணாடி மேல் மடித்து அடைத்திருப்பார்கள், அது திறக்காது. சினிமாஸ்கோப் முன்லென்ஸின் உள்ளே இருப்பவை உருளை வளைவுக் கண்ணாடிகள். சுழற்சியில் சற்றே பிசகினாலும் படம் கோணும். அதை வெளிப்பக்கம் மட்டும் துடைப்பது நல்லது.