ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. லோடோடு அங்கே இறங்கும் வண்டியில் ஸ்டீயரிங் நாலு விரற்கடை வெறுமனே சுற்றினால், டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்பப்போகும் இடத்தை ஊகித்துத்தான் ஓட்ட வேண்டும். பட்டறையில் வந்து "ஆட்டமா இருக்குதுங்க" என்றதும், பல இடங்களில் முதல் வேலையாக ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி) மூடியில் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இது தவறு. பெரும்பாலான ஆட்டம் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது.

முதலில் அளவு எடுங்கள். சமதளத்தில் முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். டயர் அசையத் தொடங்கும் வரை இடமும் வலமும் மெதுவாகச் சுற்றி, ஸ்டீயரிங் வளையத்தில் சாக்பீஸால் இரண்டு குறி போடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 98-வது விதி 30 டிகிரி வரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. 45 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் அது கிட்டத்தட்ட 12 செ.மீ. மலை ஏறும் வண்டியை அந்த எல்லை வரை விட்டுவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 10 டிகிரி, அதாவது 4 செ.மீ. தாண்டும்போதே கீழே குனிந்து பார்த்துவிட வேண்டும்.

பார்க்க இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே உட்கார்ந்து, ஆட்டம் இருக்கும் அளவுக்கு மட்டும் ஸ்டீயரிங்கை இடம் வலமாக அசைக்கட்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். இப்போது ஜாக்கி போட வேண்டாம். எடை சக்கரத்தில் இருந்தால்தான் தேய்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் இரண்டு பாகமும் சேரும் இடத்தில் வைத்த விரலுக்குத் தெரியும்.

மேலிருந்து வாருங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் காலம் ஷாஃப்டின் யூ ஜாயிண்ட் (மடங்கும் மூட்டு), அதன் கிளாம்ப் போல்ட். அடுத்து பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடம்: பாக்ஸே அசைந்தால் மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சேசிஸில் விரிசல் இருக்கும். குவாரி, கரும்புக்காட்டுப் பாதை, போர்வெல் ரிக் என்று ஓடும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பிறகு பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்மின் நட்டு, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் இரண்டு முனை, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் இரண்டு முனை. பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் திரும்பியும் டிராப் ஆர்ம் தாமதமாக அசைந்தால் மட்டுமே குற்றவாளி பாக்ஸ்.

முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்குத்தான் ஜாக்கி. ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். செங்கல்லையும் கல்லையும் நம்பாதீர்கள், எடை ஏறினால் பிளந்துவிடும். டயரின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுபோனால் ஹப் பேரிங், மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின்னும் புஷ்ஷும். பேரிங் லூஸாக இருக்கும் வண்டிக்குக் கிங் பின் மாற்றிக் காசை விரயம் செய்வது இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான்.

டை ராடு எண்டைக் கழற்றும்போது ஸ்டட்டின் (மரையுள்ள தண்டின்) தலையில் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். அது உட்காரும் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் டேப்பர் (கூம்பு வடிவப் பிடிப்பு) தானே விடும். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை என்பதால் வாங்கும்போதே சரிபாருங்கள். காஸில் நட்டின் (தலையில் வெட்டுகள் உள்ள நட்டு) வெட்டு ஸ்டட்டின் ஓட்டைக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். ஓட்டைக்காக நட்டைப் பின்னால் தளர்த்தவே கூடாது. ஸ்பிலிட் பின் புதிதாக இருக்கட்டும், பழையதை நிமிர்த்திப் போட்டால் வழியில் ஒடியும். கிழிந்த ரப்பர் மூடியை அப்படியே விட்டால் செம்மண் புழுதி உள்ளே போய், புது மூட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது ஆக்ஸில் தூக்கிய நிலையில் இருக்கட்டும். எடை இருந்தால் அதைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் ஏறாது.

இவ்வளவும் சரி, இன்னும் பாக்ஸில்தான் ஆட்டம் என்றால் ஸ்க்ரூவுக்கு வரலாம். டிராக் லிங்க்கைக் கழற்றி ஸ்டீயரிங்கை நட்ட நடுவில் வையுங்கள். வண்டி நேராகப் போகும் நேரமே அதிகம் என்பதால் கியர் நடுவில்தான் அதிகம் தேயும். அதற்காகவே நடுவில் இறுக்கமாக அமைத்திருக்கிறார்கள். ஓரத்தில் வைத்து ஆட்டத்தை எடுத்தால், நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுற்றிப் பாருங்கள். எங்கேயும் கனமாகக் கூடாது. ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். பவர் ஸ்டீயரிங் பாக்ஸாக இருந்தால் மேனுவல் அளவு கையில் இல்லாமல் தொட வேண்டாம். அதிகம் இறுக்கிய பாக்ஸில் வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. மலை இறக்கத்தில் இது ஆட்டத்தைவிட ஆபத்து.

டை ராடைத் தொட்டிருந்தால் டோ-இன் அளவு (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும், அலைன்மெண்ட் பார்த்தே வண்டியை எடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் டிராப் ஆர்ம் நட்டு, டை ராடு கிளாம்ப், பாக்ஸ் மவுண்டிங் போல்ட் மூன்றையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.